வான்சியூ ஏறிய கோபுரம்

எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் பைகளைப் பார்த்துக்கொள்வது வான்சியூவின் வேலை. யாரும் அவளைக் கேட்டுக் கொடுத்த வேலை அல்ல. ஏரிக்குப் போனால் படகுத்துறையில் அவளை உட்காரவைத்து, வெந்நீர்க் குடுவை, குடைகள், ஆரஞ்சுப் பை எல்லாவற்றையும் அவளைச் சுற்றி அடுக்கிவிட்டு நாங்கள் படகேறுவோம். திரும்பி வரும்போது எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அவளும்தான். எனக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே நானும் என் கைப்பையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனேன். நல்ல நாத்தனார், எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிப்போயின. தரையில் நகரும்போது ரப்பர் அடித்த இரண்டு கைக்கட்டைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்வாள். தெருவுக்கு, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. ஷாவ்ஷிங் நகரின் தெற்குக் கால்வாய்ப் பாலத்தடியில் குடை, ஜிப், பிரஷர் குக்கர் பழுதுபார்க்கும் கடை போட்டிருந்தாள். அவள் கையால் இறுக்கிய குக்கர் மூடியை என் வீட்டுக்காரர் போலின் இரண்டு கையாலும் திறக்கத் திணறுவார். மது ஆலையில் ஜாடி தூக்குகிற மனிதர் அவர்.

பாலத்தடியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேரெதிரே வெண்கொக்குக் கோவிலின் ஏழடுக்குக் கோபுரம். ஒன்பது வருஷமாக அதைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டியிருந்தது. தொண்ணூற்றைந்தாம் வருஷம் வசந்தத்தில் சாரத்தைப் பிரித்தார்கள். சந்திரக் கணக்கில் இரண்டாம் மாதம் பத்தொன்பதாம் நாள், கருணைத்தாய் குவான்யினின் பிறந்தநாளன்று, மக்கள் மேலே ஏறலாம் என்று அறிவிப்பு வந்தது. நாங்களும் கிளம்பினோம். நான், போலின், எதிர்வீட்டு ஜூ அக்கா, வான்சியூ.

அன்று காலை அவள் கஞ்சி குடிக்கவில்லை. தேநீரும் தொடவில்லை.

"வயிறு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு, அண்ணி. பசியில்ல."

வெயில் அடித்த நாளில் இரண்டு கால்சட்டை போட்டிருந்தாள். மேலே இருந்ததன் பின்பக்கத்தில் தோல் துண்டு வைத்துத் தைத்திருந்தது. அதைப் பார்த்தேன்; ஏன் என்று யோசிக்கவில்லை.

கோவிலில் சரியான கூட்டம். மஞ்சள் பையோடு வந்த பாட்டிமார்கள் தூபக்கலசத்தைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். புகையில் கண் எரிந்தது. பெரிய மண்டபத்து வாசற்படி முழங்கால் உயரம். வான்சியூ அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கால்களைக் கையால் எடுத்து உள்ளே போட்டு, இறங்கினாள். தெரிந்த வாசற்படிதான். சிறுவயதில் அவள் அம்மா மாதாமாதம் கொண்டுவந்து சன்னிதியில் கிடத்தி, கால் வரவேண்டும் என்று அழுவாளாம். இன்றைக்கு வான்சியூ ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே உயர்த்தி, மூன்று முறை தலை தாழ்த்தினாள். அவ்வளவுதான்.

"என்ன வேண்டிக்கிட்டே?" என்று ஜூ அக்கா காதைக் கொடுத்தாள். அடுத்தவர் வேண்டுதல் தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"மழை வரக்கூடாதுன்னு."

"குடை ரிப்பேர்க்காரி மழை வேணாங்கிறா! கேட்டியா ருயிஃபாங்?" என்று என்னை இடித்துச் சிரித்தாள் அக்கா.

பின்முற்றத்தில் கற்பூர மரத்தடிக்கு வந்தோம். அங்கிருந்து பத்து எட்டில் கோபுர வாசல். வழக்கம்போல் போலின் குடுவையை வான்சியூ பக்கத்தில் வைத்தார். ஜூ அக்கா ஆப்பிள் பையையும் மேல்சட்டையையும் வைத்தாள். நான் என் பையைக் கழற்றினேன்.

"அண்ணே, இன்னிக்கு நீ பாத்துக்கோ" என்றாள் வான்சியூ.

போலினுக்குப் புரியவில்லை. "எதை?"

"பையை எல்லாம். நான் மேல போயிட்டு வந்துடறேன்."

ஜூ அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். போலினும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் வான்சியூ தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கால்களையும் கணுக்காலில் சேர்த்துக் கட்டினாள். கைக்கட்டைகளை மாட்டிக்கொண்டு கூட்டத்தின் கால்களுக்கிடையே நகர ஆரம்பித்தாள். அவள் நகர்ந்தால் வேகமாக நகர்வாள். நாங்கள் சுதாரிப்பதற்குள் கோபுர வாசலுக்குப் போய்விட்டாள்.

வாசலில் சிவப்புக் கைப்பட்டை கட்டிய காவலர் உட்கார்ந்திருந்தார். பெயர் தாவ். கையில் விசில், பக்கத்தில் தேநீர்ப் புட்டி. எழுந்து குறுக்கே நின்றார்.

"எங்கம்மா போறே?"

"மேல."

"பலகையைப் படிக்கலையா?"

சுவரில் புதுப் பலகை: மது அருந்தியோர், இதய நோயாளிகள், நடக்க இயலாதோர் கோபுரத்தில் ஏற அனுமதி இல்லை.

வான்சியூ நிதானமாக வாய்விட்டுப் படித்தாள். "குடிக்கல. இதயம் நல்லா இருக்கு. வேணும்னா பிடிச்சுப் பாருங்க."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மூணாவது?" என்றார் தாவ்.

"நடக்க முடியாதவங்க ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கு. நான் நடந்து ஏறப்போறேன்னு யாரு சொன்னா?"

திரும்பி உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் முதல் படியில் ஊன்றி, உடம்பை உயர்த்தி, படியில் அமர்ந்தாள். பிறகு இரண்டாவது படி. தாவ் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. கையைப் பிடித்து இழுக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு நிலைமைக்குப் பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ருயிஃபாங், போய்க் கூட்டிட்டு வா" என்றார் போலின். முகம் சிவந்திருந்தது. "மானம் போகுது."

நான் உள்ளே ஓடினேன். கூட்டி வரத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

உள்ளே இருட்டு. செங்கல் சுவரை ஒட்டி மரப்படிகள் செங்குத்தாகப் போயின. ஒருவர் ஏற ஒருவர் இறங்க மட்டும் இடம். அதில் வான்சியூ பின்புறமாக, எங்களைப் பார்த்தபடி, மேலே போய்க்கொண்டிருந்தாள். ஊன்றுவாள், எழும்புவாள், உட்காருவாள். சேர்த்துக் கட்டிய கால்கள் பின்னால் படிபடியாகத் தட்டிக்கொண்டு வரும்.

"வான்சியூ, போதும். வா."

"அண்ணி, வழியை மறிக்காதே. பின்னால ஆளு நிக்குது."

"விழுந்தா?"

"உன் மேலதான் விழுவேன். அதனால பக்கத்துலயே வா."

பின்னால் வரிசை தேங்கியது. ஒருவன் கத்தினான்: "என்ன அங்க, கோபுரம் சாத்திட்டாங்களா?" இன்னொருவர், "நகருங்கய்யா, பசிக்குது" என்றார். வான்சியூ சுவரோரம் ஒதுங்கி, "முந்திப் போறவங்க போங்க. எனக்கு அவசரமில்ல" என்றாள். பக்கவாட்டில் உடம்பைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். சிலர் அவள் கைகளைப் பார்த்தார்கள். சிலர் வேண்டுமென்றே பார்க்காமல் போனார்கள்.

மூன்றாவது அடுக்கில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். மேலேயிருந்து நல்ல பட்டுச் சட்டை போட்ட அம்மாள் ஒருத்தி இறங்கி வந்தாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "ஐயோ பாவம், புத்தர் காப்பாத்தட்டும்" என்று ஒரு நோட்டை எடுத்து வான்சியூ மடியில் வைத்தாள்.

வான்சியூ அந்த நோட்டை எடுத்து அவள் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிச் செருகினாள். "கீழ உண்டியல் இருக்கு, அக்கா. நான் மாடி ஏறிட்டிருக்கேன்."

"நல்ல மனசோடதானே குடுத்தேன்" என்றாள் அந்த அம்மாள், அடி வாங்கியவள் போல.

"குக்கர் கெட்டுப்போனா தெற்குப் பாலத்துக்குக் கொண்டு வாங்க. அப்ப குடுங்க, வாங்கிக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், அவளைக் கூட்டி வர வந்தேன் என்பதை எப்போதோ மறந்துவிட்டது தெரிந்தது.

நான்காவது அடுக்குக்குப் போகும் படிகளில் அவள் உள்ளங்கை கிழிந்தது. கைக்கட்டைக்குப் படியின் அகலம் போதவில்லை என்று கழற்றி என்னிடம் கொடுத்திருந்தாள். மரப்படியில் ரத்தம் பட்டதும் சட்டை நுனியால் துடைத்தாள், தன் கையை அல்ல, படியை. அப்போதுதான் கீழேயிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். போலின். பைகளை ஜூ அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இறங்கு."

"முடியாது."

"ஊரே பாக்குது, வான்சியூ."

"பாக்கட்டும். நான் என்ன வித்தையா காட்டுறேன்?"

போலின் அவள் கையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. இரண்டு படி கீழே நின்று முதுகைத் திருப்பிக் குனிந்தார். "சரி, மேலதான் போகணும்னா என் முதுகுல ஏறு. ரெண்டு நிமிஷத்துல கொண்டு விட்டுடறேன்."

அவர் அப்படிக் குனிந்து நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஏறிக்கொள் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"அறுபத்து மூணுல கேட்டேனே, அப்ப எங்கே போச்சு இந்த முதுகு?" என்றாள் வான்சியூ.

போலின் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தார்.

"உன்கிட்ட சொல்லியிருக்காரா, அண்ணி? எனக்கு எட்டு வயசு. கோபுரம் காட்டுன்னு அம்மா இவர் முதுகுல என்னை ஏத்தி அனுப்பிச்சாங்க. கற்பூர மரம் வரைக்கும் தூக்கிட்டு வந்தார். அங்க பள்ளிக்கூடத்துப் பசங்க நின்னாங்க. அவங்களைப் பாத்ததும் என்னைத் தொப்புன்னு இறக்கிட்டார். அவங்க புத்தகப் பையை எல்லாம் என்னைச் சுத்திப் போட்டுட்டு மேல ஓடிட்டாங்க. மழை பிடிச்சிக்கிச்சு. மூணு மணி நேரம். புத்தகம் நனையக்கூடாதுன்னு பைங்க மேல குப்புறப் படுத்துக் கிடந்தேன்."

படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நின்றுவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இதை ஒருநாளும் இருவரும் சொன்னதில்லை.

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசுதான்" என்றார் போலின், சுவரைப் பார்த்து.

"எனக்கு எட்டு."

அவர் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையா என்று இருட்டில் தெரியவில்லை. வான்சியூ கையை அடுத்த படியில் ஊன்றினாள். "முதுகெல்லாம் வேணாம், அண்ணே. எனக்கு உன்மேல கோபம் இருக்கு, ஆனா அதுக்காக ஏறல. மேல என்ன இருக்குன்னு பாக்கணும். அவ்வளவுதான். கீழ போயி அந்தத் தாவ் விசில்காரரைக் கொஞ்சம் பிடிச்சு வை."

விசில்காரர் அதற்குள் வந்துவிட்டார். இரண்டாவது அடுக்கிலிருந்தே குரல் வந்தது: "எல்லாரும் இறங்குங்க! கோபுரத்தை மூடறோம்! விதிமீறல் நடந்திருக்கு!"

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. இவளால் எல்லோருக்கும் போச்சு என்று யாரோ தொடங்குவதற்குள் அடியிலிருந்து ஜூ அக்காவின் குரல் கேட்டது. எங்கள் தெருவையே பதினைந்து வருஷமாக நடுங்க வைத்த குரல் அது. "யோவ் தாவ்! ஒன்பது வருஷம் மூடி வச்சீங்க, பத்தாதா? ஒரு பொம்பளை உட்கார்ந்து ஏறினா உங்க கோபுரம் சாஞ்சிடுமா? அப்படிச் சாஞ்சா, ரிப்பேர் பண்ணவனைப் பிடி!"

கோபுரத்துக்குள் சிரிப்பு எதிரொலித்தது. தாவ் ஏற வந்த இடத்தில் போலின் நின்றுகொண்டார். சண்டை போடவில்லை, தள்ளவுமில்லை. ஜாடி தூக்குகிற தோள்கள் அகலம், படி குறுகல். "ஐயா, இறங்குறவங்க இறங்கட்டும், கொஞ்சம் பொறுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே அசையாமல் நின்றார்.

ஐந்து. ஆறு. வான்சியூ நிற்காமல் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்து உறுமினாள். கால்சட்டையின் தோல் துண்டு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. ஒரு படியில் கை வழுக்கி இரண்டு படி சறுக்கினாள். நான் பிடித்தேன். "விடு" என்றாள். விட்டேன். மறுபடி அந்த இரண்டு படியையும் ஏறினாள்.

ஏழாவது அடுக்கில் வெளிச்சம் வந்து விழுந்தது. எட்டுப் பக்கமும் சாளரங்கள். ஆனால் தடுப்புச்சுவர் நின்றால் இடுப்பளவு. உட்கார்ந்திருப்பவள் தலைக்கு மேலே போனது. அவ்வளவு ஏறி வந்தவள் கண்ணுக்குச் செங்கல்தான் தெரிந்தது. அங்கிருந்த நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இளைஞன் தூக்கிவிட முன்னே வந்தான். வான்சியூ அவனைக் கையால் நிறுத்தினாள்.

"அண்ணி, நீ வா. பின்னால நின்னு என் கால்சட்டை இடுப்புக் கயித்தைப் பிடி. தூக்காதே. பிடிச்சாப் போதும்."

பிடித்தேன். அவள் தடுப்புச்சுவரின் விளிம்பைப் பற்றி, முழங்கையை மேலே போட்டு, தன்னைத்தானே இழுத்து நிறுத்தினாள். அவள் எடை முழுக்க அந்த இரண்டு கைகளில் தொங்கியது. அவளை நின்ற உயரத்தில் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என்னைவிட உயரமானவள்.

கீழே கறுப்பு ஓடுகள், மேலும் மேலும் கறுப்பு ஓடுகள். நடுவே கால்வாய்களில் கறுப்புக் கூரைப் படகுகள் ஊர்ந்தன. சாயப்பட்டறைப் புகைபோக்கிகள், மாடியில் காயும் போர்வைகள்.

"என் பாலம் எங்கே?"

காட்டினேன்.

"இவ்வளவு கிட்டயா!" என்றாள். "அங்கேருந்து பாத்தா இது எவ்வளவோ தூரம் மாதிரி இருக்கும்."

கோபுர மூலைகளில் தொங்கிய வெண்கல மணிகள் காற்றில் ஆடின. பிறகு அவள் தலையை வெளியே நீட்டி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"தாவ் ஐயா! மேல காத்து நல்லாயிருக்கு!"

கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜூ அக்கா ஆப்பிளை உயர்த்தி ஆட்டினாள்.

இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று நினைத்தால் தப்பு. ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசலில் தாவ், அலுவலகத்து ஆளோடு காத்திருந்தார். எங்களைக் கோவில் நிர்வாக அறைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணாடி போட்ட துணைத் தலைவி கோபமாகப் பேசவில்லை. தேநீர் ஊற்றிக்கூடக் கொடுத்தார். வான்சியூ மூன்று கோப்பை குடித்தாள்.

"உங்க நல்லதுக்குத்தான் விதி வச்சிருக்கோம். ஏதாவது ஆச்சுன்னா நாங்கதானே பொறுப்பு? ஒண்ணும் வேணாம், நடந்தது தவறு, இனிமே செய்ய மாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

போலின் பேனாவை வாங்கித் தங்கையிடம் நீட்டினார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். வான்சியூ பேனாவை வாங்கினாள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்ததால் மெதுவாக எழுதினாள். துணைத் தலைவி அதை வாய்விட்டுப் படித்தார்:

"லோவ் வான்சியூ ஆகிய நான், வயது நாற்பது, இன்று கோபுரத்தின் ஏழாவது அடுக்கு வரை ஏறினேன். யாரும் தூக்கவில்லை. நான்காவது அடுக்கில் பதினோராவது படியின் பலகை ஆடுகிறது. இரண்டு ஆணி போதும். ஐந்தாவது அடுக்கில் கைப்பிடி தளர்ந்திருக்கிறது. வயதானவர்கள் விழுவார்கள். மறுபடியும் வருவேன்."

"நீங்க கேட்ட ரெண்டு வரியை விடக் கூடவே எழுதியிருக்கேன்" என்றாள் வான்சியூ.

தெருக் கமிட்டிக்குப் புகார்க் கடிதம் வந்தது. கமிட்டித் தலைவி அவளைக் கூப்பிட்டு, அண்ணன் குடும்பத்துக்கு ஏன் தலைவலி கொடுக்கிறாய் என்று கேட்டார். அதற்கு போலின்தான் எழுந்து பதில் சொன்னார்: "எனக்கு எந்தத் தலைவலியும் இல்லை." அவ்வளவே சொன்னார். அன்று இரவு வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. அந்தப் பழைய கதை ஒரே நாளில் கரைந்துவிடக்கூடியது அல்ல. கரைந்தது என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். ஆனால் மூன்றாம் வாரம் அவர் ஆலையிலிருந்து ஒரு பழைய கன்வேயர் பெல்ட் துண்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "கையுறை தைக்க ஆகும்" என்றார். அவள் அதை வளைத்துப் பார்த்து, "கெட்டியா இருக்கு. ஆகும்" என்றாள்.

கோவில் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: தவழ்ந்தும் அமர்ந்தும் ஏறுதல் கூடாது. எழுத்து மற்ற வரிகளைவிடப் புதிதாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. ஊரில் அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரியாதவர் கிடையாது.

அடுத்த வருஷம் குவான்யின் பிறந்தநாளன்று வான்சியூ தனியாகப் போகவில்லை. குக்கர் பழுதுபார்க்க வந்தவர்கள் மூலம், வந்தவர்களின் தம்பி தங்கைகள் மூலம், செய்தி போயிருந்தது. கோவில் வாசலில் மூன்று சக்கர வண்டிகள் நான்கு வரிசையாக நின்றன. தீப்பெட்டி ஒட்டும் ஒருத்தி, வானொலி ரிப்பேர்க்காரர் ஒருவர், இயந்திரத்தில் இரண்டு காலையும் இழந்த பழைய நெசவாலைத் தொழிலாளி ஒருவர், வான்சியூ. நான்கு பேரும் பெல்ட் ரப்பர் கையுறை போட்டிருந்தார்கள்.

தாவ் அவர்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "இருங்க, ஆபீஸைக் கேட்டுட்டு வரேன்" என்று போனார். அவர் வேகமாக நடக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். திரும்பி வருவதற்குள் நால்வரும் முதல் அடுக்கைக் கடந்திருந்தார்கள்.

நெசவாலைக்காரர் மூன்றாவது அடுக்கிலேயே நிறுத்திக்கொண்டார். தன் உயரம் இவ்வளவுதான், இதற்குமேல் புத்தரே கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சொல்லி, சாளரத்தோரம் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார். மற்ற மூவரும் மேலே போனார்கள். படியில் கூட்டம் நெருக்கியபோது கீழிருந்து மேல்வரை ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது:

"இறங்குறவங்க சுவரோரம் வாங்க! ஏறுறவங்களுக்கு வழி விடுங்க! தள்ளாதீங்க, அவங்க நிதானமா வரட்டும்!"

கைப்பட்டையும் விசிலும் இல்லாமல், ஐந்தாவது அடுக்கில் நின்றுகொண்டு, போலின் கத்திக்கொண்டிருந்தார்.